வளர்ந்து முடியாத பறவை

1

இதை ஒரு நகைச்சுவைக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

பல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, மேசையில் கிடந்த அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்றில் ஒரு பெட்டிச் செய்தி கண்ணில் பட்டது. எங்கோ ஒரு வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த எலும்பை வைத்து, மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துபோன சின்ன நீர்ப்பறவை இனம் ஒன்று இருந்ததாகச் சொல்லிவந்தார்களாம். இப்போது பார்த்தால் அப்படி ஓர் இனமே கிடையாதாம். அதே படுகையில் அதற்கு முன்பே கிடைத்திருந்த பெரிய நீர்ப்பறவையின் குஞ்சுதான் அதுவாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு, 'இவர் வேறு வகை மனிதர், உயரம் குறைவு, பல் கிடையாது, நடக்கும் வழக்கமில்லை' என்று கட்டுரை எழுதியதுபோல் இருந்தது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டோக்கன் கொடுக்கும் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுதிய முதல் தொடக்கம்:

'அந்த அறிஞருக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பறவையும் தெரியும், குஞ்சைத் தவிர.'

[இப்போதும் இந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கும். வேறு ஏதாவது கதையில் நுழைத்துவிடுவேன். அங்கே பார்த்தால் கண்டுகொள்ளாதீர்கள்.]

இரண்டாவது வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். செய்தியின் கடைசி வரி இப்படி இருந்தது: ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைக்கப்பட்டிருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது செல்லாது, எனவே சின்னப் பறவையின் பெயர் இனிமேல் வழக்கில் இருக்காது. அவ்வளவுதான். அது யாருடைய பெயர் என்று போடவில்லை.

யாராவது ஒருவரின் பெயராகத்தான் இருக்கும். இவர்கள் கண்டுபிடிப்புக்கு ஆசிரியர் பெயரை வைப்பார்கள், மனைவி பெயரை வைப்பார்கள். வேறு யார் பெயரையும்... என்று யோசித்த இடத்தில் நான் பேனாவை மூடிவைத்திருக்க வேண்டும். மூடவில்லை.

2

என் தங்கை பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். என் கதைகளை அவள்தான் முதலில் படிப்பாள், விடைத்தாளைப் படிப்பதுபோல. ஓரத்தில் சிவப்பு மையில் கோடு போடாத பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

"செத்துப்போன பொண்ணு பேரா?" என்றாள்.

"ஆமா. அந்த அறிஞரோட பொண்ணு. சின்னப் பிள்ளை."

"ஏண்ணே, உன் கதைல ஒரு பிள்ளையாவது உருப்படியா வளந்து ஆளாகக் கூடாதா? எப்பப் பாத்தாலும் யாரையாவது போட்டுத் தள்ளிக்கிட்டே இருக்க."

சுருக்கென்றது. உண்மைதான். கதைக்குக் கனம் போதவில்லை என்றால் நான் உடனே யாரையாவது சாகடித்துவிடுகிறேன்.

சரி என்று, அந்தப் பெண்ணைப் பிழைக்கவைத்து ஒரு வரைவு எழுதினேன். அதில் அவள் வளர்ந்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் இருக்கிறாள். 'எலும்புக்கு என் பேரை வைக்க நேரமிருக்கு, எனக்கு ஒரு ஃபோன் பண்ண நேரமில்லையா?' என்று அப்பாவைக் காய்ச்சி எடுக்கிறாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நானே ரசித்து எழுதினேன். பறவையின் பெயர் செல்லாது என்று தெரிந்ததும் அவள் 'அப்பாடா, விட்டது தொல்லை' என்கிறாள். அதோடு கதை முடிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் போகவில்லை.

அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். அவளை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதுக்குக் கொண்டுவந்து, 'காய்ச்சல்' என்று ஒரே ஒரு சொல் எழுதி நிறுத்திக்கொண்டேன். எழுதுகிறவன் கையில் எதுவும் ஒட்டுவதில்லை, அதுதான் இந்த வேலையில் இருக்கிற சௌகரியம். இந்தத் தடவை என்னவோ ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. எனக்கு வருத்தமாக இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அவளை வீட்டில் 'பட்டு' என்று கூப்பிட்டார்கள். அந்தச் செல்லப் பெயரின் பின்னால் லத்தீன் வால் ஒன்றை ஒட்டித்தான் அப்பா பறவைக்கு வைத்தார்.

3

கதை அப்பாவைப் பற்றியது என்றுதான் நினைத்தேன். அவரைப் பறவைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அருங்காட்சியகத்தில் பறவை எலும்புப் பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது. எழுத எழுத அவர் ஓரமாக நகர்ந்துகொண்டே போனார். நடுவில் வந்து உட்கார்ந்தவள் அம்மா.

அவளும் அதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில் வேலை செய்கிறாள். அங்கே எல்லாரும் அவளை 'ரம்பம்' என்பார்கள். பேசியே கொல்பவள் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது கஷ்டம். அவள் அறுப்பது எலும்பை. கல்லாகிப்போன எலும்புத் துண்டைத் தெளிந்த பிசினில் பதித்து, வைரத் தூள் பூசிய ரம்பத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மெல்லிசாக அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டுவாள். பிறகு சொரசொரப்பான அரைப்பொடி தூவிய தட்டில் விரல் நுனியால் அழுத்தி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்ப்பாள். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும். கொஞ்சம் அதிகமானால் ஓரம் கரைய ஆரம்பிக்கும், இன்னும் கொஞ்சம் போனால் சில்லில் ஒன்றும் இருக்காது. அந்த வேலையில் யாருக்கும் நடக்கக்கூடிய விபத்து அது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

[மேலே உள்ள வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்வது அசிங்கம். ஆனால் சொல்லிவிட்டேன்.]

மகள் போன மறு வருடம் பறவைக்குப் பெயர் வைக்கப் போவதாக அவர் சொன்னபோது அவள் சொன்னது ஒன்றுதான்.

"கல்லுக்குப் போயா அவ பேரு? வேண்டாம்ங்க."

அவர் கேட்கவில்லை. வைத்துவிட்டார். அவள் கொஞ்ச நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

4

இனி இந்தக் கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்.

அந்த வீட்டில் மகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. படம் அலமாரிக்குள் போய்விட்டது. சின்னக் கட்டில் யாருக்கோ போய்விட்டது. ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் தாங்க மாட்டார் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அப்படி நினைத்து நினைத்து, ஆரம்பிக்கிற வழியே மறந்துபோயிற்று.

ஆனால் பறவையைப் பற்றிப் பேசலாம்.

"பட்டுவைப் பாக்க இன்னிக்கு வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்திருந்தாரு" என்பார் அவர், சாப்பிட உட்காரும்போது.

"என்ன சொன்னாராம்?"

"ரொம்ப அழகா இருக்கான்னாரு."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பாள். அன்று அவளும் கூடக் கொஞ்சம் சாப்பிடுவாள்.

ஒரு முறை அந்த எலும்பை வேறோர் அருங்காட்சியகம் இரவல் கேட்டது. அனுப்புகிற வேலை அவளுடையதில்லை. அவளே மேலே போய், மெல்லிய தாளில் சுற்றி, பஞ்சு வைத்து, பெட்டியை மூடிவிட்டு மறுபடியும் திறந்து இன்னொரு சுற்றுப் பஞ்சு வைத்தாள். வீட்டில், "பட்டு போய்ச் சேந்தாளான்னு கேட்டீங்களா?" என்றாள். அவர் எழுந்துபோய் ஃபோன் போட்டார். "சேந்துட்டாளாம்" என்றார். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கட்டுரைகளில் அது 'அது'. வீட்டில் மட்டும் 'அவள்'. இதை வெளியில் யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் தங்கை இந்தப் பகுதிக்கு மட்டும் கோடு போடவில்லை. "இது இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாள்.

ஆகவே, அந்தப் பெயர் போனால் என்ன போகும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல இருந்த ஒரே சாக்கு போய்விடும்.

5

எலும்பை அறுக்கச் சொன்னது அவர்தான்.

பட்டு முக்குளிக்கும் பறவை என்பது அவர் கட்சி. மிதக்கிற பறவைதான், முக்குளிக்காது என்பது மற்றவர்கள் கட்சி. முக்குளிக்கிற பறவையின் எலும்புச் சுவர் கனமாக இருக்கும், குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இருப்பது ஒரே ஒரு தொடை எலும்பு. அதிலும் இரண்டு முனையும் உடைந்த நடுத்துண்டு மட்டும். முனைகள் இருந்திருந்தால் குஞ்சா வளர்ந்ததா என்று முதல் நாளே தெரிந்திருக்கும். மேற்பரப்பு குஞ்சின் எலும்புபோல் பொரிப்பொரியாக இருந்ததை, ஏரித் தண்ணீர் அரித்தது என்று அவர் எழுதிவைத்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

(மாட்டிக்கொண்டவர் அவர் மட்டுமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முதல் தொடக்கத்தில் நான் அடித்த கிண்டலுக்குப் பிராயச்சித்தம்.)

அவர் எலும்பைக் கைக்குட்டையில் பொதிந்து கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்.

"அறுத்தா திரும்ப வராதுங்க" என்றாள் அவள்.

"தெரியும். ஒரு துண்டு, மெல்லிசா. சுவர் கனத்தை மட்டும் பாத்துட்டாப் போதும், அப்புறம் எவன் வாயத் திறக்கிறான்னு பாக்கிறேன்."

"வேற யாரையாவது..."

"வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன். நீ அறு."

அவள் முதலில் அச்செடுத்து ஒரு நகல் வார்த்துவைத்தாள். அது விதி. பிறகு பிசினில் பதித்தாள். ரம்பத்தை ஓடவிட்டு, கையை எடுத்து, மறுபடி நிறுத்தினாள். தன் பிள்ளைக்கு ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருத்தி இவள். இப்போது முகத்தைத் திருப்ப முடியாது, திருப்பினால் கோணலாக அறுபடும்.

துண்டு வந்தது. ஒட்டினாள், தேய்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனபிறகு நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்தாள்.

வளர்ந்து முடிந்த பறவையின் எலும்பில் வெளி ஓரமாக அடர்த்தியான ஒரு வளையம் இருக்கும். வளர்ச்சி நின்றுவிட்டது என்று உடம்பு போடுகிற வேலி அது. இங்கே அந்த வேலி இல்லை. ரத்தம் ஓடிய துளைகள் ஓரம்வரை வந்து, வெளியே பார்த்துத் திறந்துகிடந்தன. இந்த எலும்பு வேக வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோனது.

'அவள் கதறி அழுதாள்' என்று எழுதியிருந்தேன்.

தங்கை அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'அழ மாட்டாள். மேசையைத் துடைப்பாள்.'

எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டேன். "தெரியும், விடு" என்றாள்.

அவள் மேசையைத் துடைத்தாள். அரைப்பொடி டப்பாக்களின் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடியும் மூடினாள். ரம்பத்தின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாள். துடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு 'வேண்டாம்' என்று சொன்னவள் அவள். அதே படுகையில் முன்பே கிடைத்த பெரிய பறவையின் குஞ்சுதான் இது என்றாகிவிட்டால், இப்போது அந்தப் பெயரை எடுக்கப் போகிறவளும் அவள்தான். எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

6

முடிவுகள். என்னிடம் சில கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: அவள் கண்ணாடிச் சில்லை எடுத்து மறுபடியும் தட்டில் வைக்கிறாள். பொடி தூவி, விரலால் இன்னும் கொஞ்சம் தேய்க்கிறாள். ஓரம் கரைகிறது. வேலி இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது. சுவர் கனம் மட்டும் மிச்சம். அவர் கேட்டதும் அதுதானே. வீட்டில் பேச்சு தொடர்கிறது.

இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. முழுசாக எழுதினேன், கடைசி வரிவரை. தங்கையிடம் காட்டியபோது, "நான் அவளை மன்னிச்சிடுவேன்" என்றாள். பிறகு கணக்கு வாத்தியார் புத்தி விடவில்லை. "ஆனா ஓரம் தேஞ்சிருக்கிறதப் பாத்தா அவரு என்ன சொல்வாரு? இன்னொரு துண்டு அறுன்னு சொல்ல மாட்டாரா?"

சொல்வார். கட்டாயம் சொல்வார். அப்போது அவள் இன்னொரு துண்டு அறுக்க வேண்டும், அதையும் தேய்த்து அழிக்க வேண்டும். அதன்பிறகு இன்னொன்று. பெயரைக் காப்பாற்றுவதற்காக எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாக்கிச் சாக்கடையில் விட வேண்டும். அவளால் அது முடியாது. என்னாலும் முடியவில்லை.

இரண்டாவது முடிவு: அவரிடம் சொல்லாமலே அறிக்கையை மேலதிகாரியிடம் கொடுத்துவிடுகிறாள். அவர் அதைக் கூட்டத்தில்... வேண்டாம். இருபது வருடம் கூடவே வாழ்ந்தவரை அப்படிச் செய்ய மாட்டாள். இதை நான் யோசித்ததே தப்பு.

மூன்றாவது முடிவில் அந்தப் பெரிய பறவை வருகிறது. பட்டு தனி இனம் கிடையாது, அதற்கு ஒரு தாயும் தகப்பனும் அதே ஏரியில் இருந்தார்கள், அது தனியாக இல்லை என்று அவள் அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்துப் பார்த்தேன், வாயெல்லாம் தித்தித்தது. பிள்ளையை இழந்தவர்களிடம் போய், உங்கள் பிள்ளைக்கு அப்பா அம்மா இருந்தார்கள் என்று ஆறுதல் சொல்வதாம். எழுதுகிறவனுக்கு வெட்கம் வேண்டும்.

மிச்சம் இருப்பது சாதாரணமான ஒன்று. அவள் மாடிப்படி ஏறிப் போகிறாள்.

7

அவர் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் அவர் வரைந்துகொண்டிருந்த படம்: தண்ணீருக்கடியில் கழுத்தை நீட்டிப் போகிற ஒரு சின்னப் பறவை.

"ஆச்சா?" என்றார், தலையை நிமிர்த்தாமல். "சுவர் எப்படி?"

"கனமாத்தான் இருக்கு."

"சொன்னேன்ல!" எழுந்தேவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. சில்லை அவள் கையிலிருந்து வாங்கி, தன் நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார்.

அவள் சொல்லத் தேவையில்லை, அவருக்குப் பார்க்கத் தெரியும். திருகு ஒரு பக்கம் போயிற்று, திரும்பி வந்தது. சில்லை நகர்த்தி நகர்த்தி ஓரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்தார். இன்னொரு வட்டம் வந்தார்.

"ஓர வளையம் இல்லையே" என்றார், குனிந்தபடியே.

"இல்ல."

"தேய்க்கும்போது போயிருக்கும். கை தவறியிருக்கும்." கெஞ்சுகிற குரல். "இன்னொரு துண்டு அறுத்துப் பாக்கலாமா?"

[அந்தப் பொய்யை அவரே எடுத்து நீட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.]

"என் கை தவறலைங்க" என்றாள். "ஓரம் போகல. அது வளந்து முடிக்கவே இல்ல. இனிமே நான் அறுக்க மாட்டேன்."

அவர் நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் தடம் பதிந்திருந்தது.

"பெரிய பறவையோட குஞ்சு."

"ஆமா."

"அப்ப பேரு போயிடும்."

"போயிடும்."

"நீ அப்பவே வேண்டாம்னே. நான்தான் கேக்கல."

இந்த வார்த்தைக்காக அவள் எத்தனையோ வருடம் காத்திருந்தாள். இப்போது கிடைத்தபோது அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். வரைந்த படத்தைக் கவிழ்த்துவைத்தார். கட்டடத்தில் வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"இனிமே வீட்டுல என்ன பேசுறது நாம?"

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் நின்றேன். அவள் அழலாம், போகலாம், அவர் தோளில் கை வைக்கலாம். எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் எதுவும் செய்யவில்லை.

"செருப்பை எப்பவும் கால் மாத்தித்தான் போடுவா" என்றாள். "சரியா போடுடின்னா, இதுதான் சரின்னு சண்டைக்கு வருவா. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அவர் உதடு அசைகிறது. ஏதோ சொல்ல வருகிறார். அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருகிறாள்.

இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணை உண்டாக்கியவன் நான், கொன்றவனும் நான். ஆனால் அவள் செருப்பை மாற்றிப் போடுவாள் என்பது அம்மா சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அவருக்கு அவளைப் பற்றி இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும். அதில் எதை முதலில் சொல்வார் என்று நான் ஊகித்து எழுதினால், அது நல்ல வாக்கியமாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் யாரைப் பற்றியாவது இப்படிப் பேச்சு நின்றுபோயிருக்கலாம். இருந்தால், அவர் சொல்ல வருவது என்னவென்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நான் எழுந்து வெளியே போகிறேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், சொல்லுங்கள்.